என் பெயரில் எவனோ எழுதுகிறான்

போன இதழில், "வந்த மெயில் அசலா போலியா என்று தெரிய, அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலருக்குப் பிரச்சினையே அந்த முகவரிதான். அனுப்பியவர் இடத்தில் அவர்களுடைய சொந்த முகவரி இருந்திருக்கிறது! வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தால் இன்பாக்ஸில் 1,140 மெயில். எல்லாம் 'மெயிலர் டீமன்' என்ற தானியங்கி நிரல் அனுப்பியது. "நீங்கள் அனுப்பிய கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை" என்கிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். ஒரு நாளைக்குப் பத்து மெயில் அனுப்பினாலே அதிகம். திரும்பி வந்ததைத் திறந்தால் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம், அனுப்பியவர் நான். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. என் கணக்கை யாரோ பிடித்துவிட்டார்களா?

மூன்று முறை மாற்றியும் நிற்கவில்லை என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. உங்கள் கணக்குக்குள் எவனும் நுழையவில்லை என்றால், பாஸ்வேர்டை முப்பது முறை மாற்றினாலும் இது நிற்காது. அவனுக்கு வேண்டியது உங்கள் முகவரி என்கிற எழுத்து வரிசை மட்டும்தான்.

மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிவைத்த விதிகள் அவை. அப்போது அந்த வலையில் இருந்த கணினிகளே சில நூறுதான். பொய் சொல்ல ஆள் வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு சீனியர் எனக்கு டெல்நெட்டில் (வேறொரு கணினியோடு நேரடியாகத் தட்டச்சிட்டுப் பேச உதவும் நிரல்) 25-ஆம் போர்ட்டை, அதாவது மெயில் வாங்கும் வாசலைத் திறந்து காட்டினார். சர்வர் '220' என்று வணக்கம் சொன்னது. 'மெயில் ஃப்ரம்' என்று தட்டி, எங்கள் மேலாளரின் முகவரியைப் போட்டேன். '250, சரி' என்றது. 'யார் நீ, அவர்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெறுபவர் முகவரியைக் கொடுத்தேன், அதற்கும் 250. 'டேட்டா' என்று தட்டி, "நாளை எல்லோரும் விடுமுறை எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி, கடைசி வரியில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். பக்கத்து மேசைத் தோழி நிஜமாகவே பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். மொட்டைக் கடிதாசு எழுதுகிறவன் உறையின் பின்பக்கம் பிடித்த பெயரை எழுதலாம் அல்லவா, அவ்வளவு சுலபம்.

இப்போது அந்த 1,140 கடிதத்துக்கு வருவோம். ஸ்பேம் அனுப்புகிறவன் கையில் லட்சக்கணக்கான முகவரிகள் உள்ள பட்டியல் இருக்கும். அதிலிருந்தே ஒன்றை உருவி அனுப்பியவர் இடத்தில் வைப்பான். இல்லாத டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வைத்தால் பல சர்வர்கள் வாசலிலேயே தட்டிவிடும் என்பதால் நிஜ முகவரியாகப் பார்த்து எடுப்பான். இந்த வாரம் சீட்டு உங்கள் பெயருக்கு விழுந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் செத்துப்போன முகவரிகளும் ஏராளம். அங்கே போன கடிதங்கள் எல்லாம் 'ஆள் இல்லை' என்று திரும்பும்போது, உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எங்கள் தொழிலில் இதை 'பேக்ஸ்கேட்டர்' என்போம்.

இதில் என் பங்குக்கு ஒரு பாவம் உண்டு. 16 வருடம் மெயில் சர்வர் பார்த்த எனக்கு, நாலாவது வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: "உங்கள் சர்வர் நாலு நாளில் எனக்கு 312 கடிதம் அனுப்பியிருக்கிறது. நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை." நான் என்ன செய்தேன்? "கடிதங்கள் உங்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று விறைப்பாகப் பதில் போட்டேன். மறுநாள் சர்வரின் நடவடிக்கைக் குறிப்பான லாக் கோப்பைத் திறந்தபோதுதான் முகம் சுருங்கியது. எங்கள் பிரதான சர்வர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. கடிதம் வாசலில் நிற்கும்போதே '550, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று சொல்லிவிடும். கொண்டுவந்தவன் பாடு அது. ஆனால் அவசரத்துக்கு என்று வைத்திருந்த இரண்டாவது சர்வரிடம் ஊழியர் பட்டியலே கிடையாது. வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு, பிரதான சர்வர் மறுத்த பிறகு, உறையில் இருந்த அப்பாவிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியலை அங்கேயும் ஏற்ற அரை நாள் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு வந்த 1,140-க்குப் பின்னாலும் என்னைப் போல அரைகுறையாக சர்வர் வைத்திருப்பவர்கள் சிலர் இருப்பார்கள்.

கணக்கு நிஜமாகவே பத்திரமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அனுப்பியவை பகுதியில் நீங்கள் எழுதாத கடிதம் இருக்கிறதா, உள்நுழைவு வரலாற்றில் அறியாத கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' அமைப்புகளில் நீங்கள் வைக்காத விதி ஏதாவது இருக்கிறதா என்பது. நுழைந்தவன் அனுப்பியவை பகுதியைத் துடைத்துவிட்டுப் போகலாம், அங்கே ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். திரும்பி வந்த கடிதம் ஒன்றில் மூலக் கடிதத்தின் ஹெடர் (கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் தலைக்குறிப்பு) ஒட்டியிருந்தால் அதையும் படியுங்கள். உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர் பெயரே அந்தப் பயணத்தில் இல்லை என்றால், கடிதம் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பவே இல்லை.

மற்றபடி, ஒரு ஃபில்டர் போட்டு அந்தத் திரும்பு கடிதங்களைத் தனி லேபிளுக்கு ஒதுக்குங்கள். 'மெயிலர் டீமன்' என்று வருவதையெல்லாம் ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் நிஜமாக அனுப்பியது சேராமல் திரும்பினால் தெரியாமல் போய்விடும். அந்த மாத்திரை விளம்பரத்தின் தலைப்பில் உள்ள சொற்களை வைத்து ஃபில்டர் போட்டால் போதும். நான் பார்த்தவரை சில நாளில் அவன் வேறு பெயருக்குத் தாவிவிடுவான்.

அவன் யார் என்று கண்டுபிடித்துத் தண்டனை வாங்கித்தர ஆசை. ஹெடரைப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

கோபம் நியாயம்தான், வழி நீளம். ஹெடரில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே குத்திக்கொண்டே போகும். இதில் நிச்சயமாக நம்பக்கூடியது உங்கள் சொந்த மெயில் நிறுவனம் குத்திய முத்திரை மட்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்பியவனே கற்பனையாக எழுதியிருக்கலாம். நம்பக்கூடிய வரியில் கிடைக்கும் ஐபி எண்ணோ (இணையத்தில் ஒரு கணினியின் விலாசம்), பெரும்பாலும் வைரஸ் பிடித்த யாரோ ஒரு அப்பாவியின் கணினியாக இருக்கும். அந்த எண் எந்த நிறுவனத்துக்குச் சொந்தமோ அவர்களுடைய புகார் முகவரிக்கு முழு ஹெடரோடு ஒரு கடிதம் போட்டுவிட்டு, வேலையைப் பாருங்கள். பணம் போயிருந்தால் மட்டும் கட்டாயம் காவல்துறையின் சைபர் பிரிவுக்குப் போங்கள்.

எனக்கு என் முகவரியிலிருந்தே மெயில் வந்தது. "உன் கணக்கை ஹேக் செய்துவிட்டேன், நம்பாவிட்டால் அனுப்பியவர் முகவரியைப் பார். கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு" என்று. நான் பழைய காலத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டு ஒன்றும் அதில் சரியாக இருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வீட்டில் சொல்லவும் கூச்சம். பெயர் வேண்டாம், அம்மா.

முதலில் தூங்குங்கள். உங்களைப் படம் எடுத்தவன் எவனும் இல்லை.

முகவரி சங்கதி மேலே சொன்ன அதே வித்தைதான். பாஸ்வேர்டு எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களை உலுக்கியிருக்கும். எப்போதோ நீங்கள் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து அது கொள்ளை போயிருக்கிறது. 2012-இல் லிங்க்டுஇன் தளத்தில் திருடுபோன கடவுச்சொற்கள் 2016-இல் கோடிக்கணக்கில் விலைக்கு வந்தன. அதைப் போல எத்தனையோ மூட்டைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2018-இலிருந்து இந்த மூட்டைகளைப் பிரித்து, முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரே அச்சுக் கடிதத்தில் நிரப்பி, மொத்தமாக அனுப்புகிறார்கள். நிஜமாகப் படம் வைத்திருப்பவன் படத்தில் ஒரு துண்டையாவது காட்டுவான். உங்களுக்கு வந்த கடிதத்தில் உங்களைப் பற்றி அந்தப் பழைய பாஸ்வேர்டைத் தவிர ஒரு தகவல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். அந்தப் பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்தால் மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கொள்ளையில் அது சிக்கியது என்று காட்டும். டிராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கியது, நானே பயன்படுத்துகிறேன். என் முகவரியும் அதில் இருக்கிறது. வீட்டில் சொல்லிவிடுங்கள், நாளைக்கு அவர்களுக்கும் இதே கடிதம் வரலாம்.

சிறிய பதிப்பகம் நடத்துகிறோம், சொந்த டொமைன் வைத்திருக்கிறோம். எங்கள் முகவரியிலிருந்து வந்ததுபோல ஒரு வாடிக்கையாளருக்கு மெயில் போயிருக்கிறது: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்கில் பணத்தைப் போடுங்கள்." பில் எண்ணும் தொகையும்கூடச் சரியாக இருந்ததால் அவரும் போட்டுவிட்டார். எஸ்பிஎஃப் என்கிற பாதுகாப்புப் பதிவைப் போட்டால் இது நிற்கும் என்று வெப்சைட் செய்து கொடுத்தவர் சொல்கிறார். போட்டால் போதுமா?

போதாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "பில் எண்ணும் தொகையும்கூடச் சரியாக இருந்தது" என்ற இடம். வெளியே நின்று உங்கள் முகவரியைப் போலியாகப் போடுகிறவனுக்குப் பில் எண் எப்படித் தெரியும்? உங்கள் பெட்டியையோ வாடிக்கையாளரின் பெட்டியையோ எவனோ உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். எய்தவன் உள்ளே இருக்கும்போது வெளி வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டு என்ன பயன்?

ஆகவே பணம் போன வங்கிக்கு இன்றைக்கே புகார் சொல்லச் சொல்லுங்கள், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு உங்கள் இருவரின் மெயில் கணக்குகளிலும் மேலே சொன்ன ஃபார்வர்டிங் விதிகளைத் தேடுங்கள். இந்த மாதிரி ஆட்கள் வழக்கமாக வைக்கும் விதி, 'பில்', 'பணம்' போன்ற சொற்கள் உள்ள கடிதங்களைப் படித்ததாகக் குறித்து, யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்கு ஒதுக்குவது. பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லா இணைப்புகளையும் துண்டியுங்கள். அந்த மோசடிக் கடிதத்தின் அனுப்பியவர் முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்து ஒரு புது டொமைன் வாங்கியிருப்பார்கள்; வேகமாகப் படிக்கும் கண்ணுக்குத் தெரியாது. இனிமேல் கணக்கு எண் மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே கையில் இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வது என்று இரு தரப்பும் பேசிவையுங்கள்.

அதற்கப்புறம் பூட்டு. சொந்த டொமைன் இருக்கிறது, அதனால் உங்களால் இதைச் செய்ய முடியும். இலவச மெயில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனம் செய்தால்தான் உண்டு.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களுக்கான பொது விலாசப் புத்தகம்), "இந்த இந்த சர்வர்கள்தான் எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவரும்" என்று எழுதி ஒட்டும் ஒரு வரி. அதில் ஒரு ஓட்டை. மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரி உண்டு: சர்வர்கள் பார்க்கும் உறைமேல் முகவரி ஒன்று, நாம் படிக்கும் கடிதத்துக்குள் இருக்கும் முகவரி ஒன்று. எஸ்பிஎஃப் உறையை மட்டும்தான் பார்க்கும். உறையில் தன் சொந்த டொமைனையும், உள்ளே உங்கள் பெயரையும் போட்டு எவனாவது அனுப்பினால் எஸ்பிஎஃப் பரீட்சையில் பாஸாகிவிடுவான்! டீகிம் என்பது கடிதத்தில் சர்வர் போடும் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். இந்த இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறிய டொமைன் நாம் கண்ணால் பார்க்கும் முகவரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும், இல்லையென்றால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2012-இல் அறிமுகமானது. உங்களுக்கு மூன்றும் வேண்டும்.

டிமார்க்கில் மூன்று நிலை: 'நன்' என்றால் சும்மா கவனி, 'குவாரன்டீன்' என்றால் ஸ்பேமில் தள்ளு, 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே மறு. எடுத்ததும் ரிஜெக்டுக்குப் போகாதீர்கள். யாஹூ 2014 ஏப்ரலில் ஒரே மூச்சில் ரிஜெக்டுக்கு மாறியபோது, யாஹூ முகவரியிலிருந்து குழு மடல்களுக்கு எழுதியவர்களின் கடிதங்கள் உலகம் முழுக்கத் திரும்பி வந்தன. நீங்கள் ஓரிரு மாதம் 'நன்' நிலையில் வைத்து, தினமும் வரும் அறிக்கைகளைப் படியுங்கள். உங்கள் பெயரில் நீங்களே மறந்துபோன ஆட்கள் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்: செய்திமடல் சேவை, வெப்சைட்டின் தொடர்புப் படிவம், பில் போடும் மென்பொருள். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில், வேலையை விட்டுப்போன ஒருவர் வைத்துவிட்டுப் போன பழைய கணினி ஒன்று மூலையில் உட்கார்ந்து தினமும் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திய பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.

வெப்சைட்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது. அந்தப் பதிவைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் பத்து முறைக்கு மேல் தேட வேண்டி வந்தாலும் செல்லாது. 2024 பிப்ரவரியிலிருந்து, நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களிடம் கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது. நீங்கள் அவ்வளவு அனுப்ப மாட்டீர்கள், ஆனாலும் போட்டுவிடுங்கள். மெயில் அனுப்பாமல் சும்மா வாங்கிவைத்த டொமைன் வேறு இருந்தால், அதற்கும் 'எங்கிருந்தும் கடிதம் வராது' என்று ஒரு எஸ்பிஎஃப் வரியும் ரிஜெக்டும் போடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குத்தான் முதலில் பூட்டு வேண்டும்.

எனக்கு வேண்டாதவர் ஒருவர்தான் இதைச் செய்கிறார் என்று சந்தேகம், அக்கா. அப்படிச் செய்வார்களா?

செய்ததுண்டு. 1997-இல் இலவச வலைப்பக்கம் தரும் ஒரு தளத்தை ஜோ என்பவர் நடத்தினார். ஸ்பேம் அனுப்பிய ஒருவனின் கணக்கை அவர் முடக்க, அவன் பழிவாங்க அவர் பெயரிலேயே ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பினான். வாங்கியவர்கள் கோபத்தில் ஜோவின் தளத்தையே தாக்கிவிட்டார்கள். இந்த வகைக்கு இன்றுவரை 'ஜோ ஜாப்' என்றுதான் பெயர். ஆனால் உங்களுக்கு வந்ததாகச் சொல்வது கைக்கடிகார விளம்பரம். வேண்டாதவர் கைக்கடிகாரம் விற்க மாட்டார். சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

முகவரியையே மாற்றிவிடலாமா?

வேண்டாம். வங்கி, பள்ளி, நண்பர்கள் என்று எல்லோரிடமும் மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வேறு பெயருக்குப் போயிருப்பான். சொந்த டொமைனில் 'எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கு' என்று கேட்ச்-ஆல் வைத்திருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர், "இனி ஒரு மெயில் அனுப்பினால் போலீஸுக்குப் போவேன்" என்று எனக்கு எழுதியிருக்கிறார். பதில் போடவா, விட்டுவிடவா?

நிஜ மனிதர் எழுதியது போலத் தெரிந்தால் ஒரே ஒரு பதில் போடுங்கள். இப்படி: "உங்களுக்கு வந்த கடிதத்தை நான் அனுப்பவில்லை. என் முகவரியை யாரோ போலியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் முழு ஹெடரைப் பார்த்தால் அது என் மெயில் சர்வரிலிருந்து வரவில்லை என்பது தெரியும். தொந்தரவுக்கு வருந்துகிறேன்." இவ்வளவு போதும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் மூன்றும் தேறியதா என்று மேலேயே காட்டும் என்பதையும் சொல்லலாம். அதன் பிறகும் திட்டினால் பதில் வேண்டாம். தானியங்கிப் பதில் வைத்திருந்தால் இந்த வாரம் அணைத்துவிடுங்கள். திட்டி எழுதுகிறவருக்கு "நான் விடுமுறையில் இருக்கிறேன்" என்று போனால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

இந்த விஷயமாக இன்னும் எழுத நினைப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாமல், ஹெடரை முழுதாக நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். படத்தில் எனக்குத் தெரிவது அவன் எழுதிய பொய் மட்டும்தான்.